பதினான்காம் அறையும் தொட்டிலும்

தமயந்தியின் குரல் ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் கேட்க ஆரம்பித்தது ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி சுமாருக்கு, அரசுக் கலைக் கல்லூரியின் பதினான்காம் எண் அறையில் அவள் இரண்டாம் ஆண்டு விலங்கியல் மாணவர்களுக்கு மண்புழுவின் இதயங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது. அங்கிருந்து பதினெட்டு கிலோமீட்டர் தள்ளி, தெருவெல்லாம் தறி ஓடும் ஊரில், ஒரே வரிசையாகச் சுவரொட்டிக் கட்டிய லைன் வீடுகளின் நாலாவது வீட்டில், அவளுடைய ஏழு மாதக் குழந்தை ஆதிரை சேலைத்தொட்டிலில் கிடந்து முக்கால் மணி நேரமாக அழுதுகொண்டிருந்தது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு வேணியக்கா ஒரு காலால் தொட்டிலை ஆட்டிக்கொண்டே ராட்டையில் தறிக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். அப்போது தொட்டிலுக்குள்ளிருந்து, "மண்புழுவுக்கு எட்டு ஜோடி இதயம், ஆறாவது கண்டத்தில் ஆரம்பித்துப் பதிமூன்றாவது கண்டம் வரைக்கும்" என்று தமயந்தியின் குரல் நிதானமாகச் சொன்னது. குழந்தை அழுகையை நிறுத்தியது.

தமயந்தி சீக்கிரமே வந்துவிட்டாள் போலிருக்கிறது என்று வேணியக்கா வாசலைப் பார்த்தாள். செருப்பைக் காணோம். எழுந்துபோய்த் தொட்டிலைப் பிரித்துப் பார்த்தாள். குழந்தை மட்டும் இருந்தது, குரல் வந்த திசையில் கண்ணை வைத்துக்கொண்டு, பால் குடிக்கும்போது வைத்திருக்கும் அதே முகத்தோடு. வேணியக்கா திரும்ப வந்து ராட்டையைச் சுற்ற ஆரம்பித்தாள். நாற்பது நிமிடம் பாடம் நடந்தது. பாடம் முடிந்த பிறகு அவளுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் மிச்சம் இருந்தது.

மத்தியானம் இரண்டே காலுக்குத் தமயந்தி பஸ்ஸிலிருந்து இறங்கி, மார்பில் பால் கட்டி ரவிக்கை நனைந்து, சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்து குழந்தையை மடியில் போட்டதும் வேணியக்கா கேட்டாள்.

"ஏங் டீச்சர், மண்புழுவுக்கு எதுக்குங் அத்தன இதயம்?"

"உங்களுக்கு யாரு சொன்னாங்க?"

"நீங்கதானுங். காலைல, தொட்டில்ல இருந்து."

தமயந்தி ஐந்தரை மணிக்கு எழுந்தவள், இரண்டு பஸ் மாறிப் போய் நின்றுகொண்டே நான்கு மணி நேரம் பேசிவிட்டு வந்தவள், அதனால் இரண்டு விஷயங்களில் எது சுலபமோ அதை முதலில் எடுத்துக்கொண்டு, மண்புழுவின் உடம்பு நீளமானது, ரத்தத்தை மேலிருந்து கீழே தள்ள அந்தந்த இடத்தில் ஆள் வேண்டியிருக்கிறது என்று சொன்னாள். "அதான பாத்தேன்" என்று வேணியக்கா சமாதானமாகி வீட்டுக்குப் போனாள்.

தமயந்தி நன்னீர் நத்தைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியவள். முட்டையிடாமல் குஞ்சுகளை ஓட்டுக்குள்ளேயே வளர்த்து வெளியே விடும் ஒரு நத்தை இனத்துக்காக ஆறு வருடம் காவிரி வாய்க்கால்களில் முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்றிருந்தாள். அதற்குப் பிறகு ஒன்பது வருடமாக அதே கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். ஜூன் மாதம் ஓர் ஆர்டர் வரும், ஏப்ரல் மாதம் அது முடிந்துபோகும், மறுபடி ஜூன் மாதம் சான்றிதழ்களைக் கோப்பில் போட்டுக்கொண்டு போய், தன்னை ஒன்பது வருடமாகத் தெரிந்தவர்கள் முன்னால் உட்கார்ந்து, தான் யார் என்று முதலிலிருந்து சொல்ல வேண்டும். கணவன் லோகநாதன் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரியோடு சத்தீஸ்கர் பக்கம் போனால் மழைக்காலத்துக்குத்தான் திரும்புவான். குழந்தை பிறந்த பிறகு அதிக நாள் வீட்டில் இருந்தால் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடுவார்கள் என்று ஆளாளுக்குச் சொன்னதால், ஐம்பதாவது நாளே அவள் வகுப்புக்குத் திரும்பியிருந்தாள்.

குரல் மறுபக்கமும் போகிறது என்பது மூன்றாவது நாள் தெரிந்தது. மத்தியானம் ஒன்றரைக்கு மேல் பதினான்காம் அறை வரலாற்றுத் துறைக்கு; அங்கே பேராசிரியர் மூன்றாம் பானிபட் போரில் இரண்டு படைகளையும் எதிரெதிரே நிறுத்தி முடித்த சமயம், கரும்பலகைக்கு மேலே இருந்து, "ஆ காட்டு. இன்னொரு வாய். துப்பக் கூடாது, அம்மா பாவம்ல" என்று விலங்கியல் மேடத்தின் குரல் கேட்டது. பேராசிரியர் காத்திருந்தார். சாப்பாடு முடிந்து, வாய் துடைத்து, ஏப்பம் வரும்வரை முதுகில் தட்டிக்கொடுத்தாகிவிட்டது என்று தெரிந்த பிறகு படைகளை மோதவிட்டார்.

இப்படியாக, ஆதிரையின் காதில் விழும்படி தமயந்தி எதைச் சொன்னாலும் அது பதினான்காம் அறையில் கேட்டது, பதினான்காம் அறையில் அவள் எதைச் சொன்னாலும் அது ஆதிரை இருக்கும் இடத்தில் கேட்டது. ஏன் என்று கேட்டவர்கள் குறைவு. தறி ஓடும் ஊரில் சத்தத்துக்குக் காரணம் கேட்கும் பழக்கம் யாருக்கும் கிடையாது, கல்லூரியிலோ காரணம் கேட்டால் அதை எழுத்தில் கொடுக்க வேண்டியிருக்கும்.

லைன் வீட்டுப் பெண்கள் ஒவ்வொருவராக ராட்டையைத் தூக்கிக்கொண்டு நாலாவது வீட்டுக்கு வந்தார்கள். ஒன்பது மணி வகுப்புக்கு முன்பே சமையலை முடித்தார்கள், குழாயில் தண்ணீர் வருகிற நாளில் முறைவைத்து ஒருத்தி போய் எல்லோருடைய குடத்தையும் நிரப்பினாள், கீரைக்காரர் அந்தத் தெருவில் மட்டும் கூவுவதை விட்டுவிட்டு ஜன்னல் வழியாகக் கீரைக்கட்டைக் காட்டிவிட்டுப் போனார். ஆண் கடல்குதிரை வயிற்றுப் பையில் குஞ்சு சுமக்கும் என்று கேட்ட அன்று ஏழாவது வீட்டு ருக்குமணி தன் புருஷனைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்கச் சொன்னாள். கோழி முட்டைக்குள் இரண்டாம் நாளே இதயம் துடிக்க ஆரம்பித்துவிடும் என்று கேட்டதும், அடைகாக்கும் கோழியின் கீழே இருந்து ஒரு முட்டையை எடுத்துப் போன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நாலாம் நாள் அதற்குள் சிவப்பு நூல் ஓடியிருப்பதைக் கண்டு, அன்றைக்கு அந்தத் தெருவில் ஒருத்தரும் முட்டை சமைக்கவில்லை. கேள்விகள் வேணியக்கா மூலம் தமயந்திக்குப் போயின. மறுநாள் வகுப்பில் அவள் அவற்றுக்குப் பதில் சொன்னாள்.

"இதெல்லாம் யாரு மேம் கேக்கறாங்க?" என்றாள் மோனிஷா. முதல் பெஞ்சில் உட்காரும் பெண், அதுவரை வகுப்பில் ஒரு கேள்வியும் கேட்டதில்லை.

"எங்க பக்கத்து வீட்டு அக்கா."

அதன் பிறகு மாணவர்களும் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். மத்தியான வகுப்புக்காரர்களுக்குக் குழந்தைக்குச் சளி பிடித்தது தெரிந்தது, முதல் பல் வந்தது தெரிந்தது, தாலாட்டு ஆரம்பித்தால் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள் என்பதால் வரலாற்றுப் பேராசிரியர் பாடத்தை அதற்கு முன்பே முடித்துக்கொண்டார். குழந்தைக்குப் பேதி கண்டபோது எந்த ஊரில் நல்ல டாக்டர் இருக்கிறார் என்று சீட்டில் எழுதித் துறை அறையில் வைத்துவிட்டுப் போனார்கள். தமயந்தி எல்லாச் சீட்டுகளையும் படித்தாள். யார் காதிலும் விழாத ஓர் இடம் என்று தனக்கு இனி எதுவும் இல்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. அதைப்பற்றி வருத்தப்பட ஒரு மணி நேரம் தேவைப்பட்டிருக்கும், அந்த ஒரு மணி நேரம் அவளிடம் இல்லை.

மாசி மாதத்தில் கல்லூரியிலிருந்து ஒரு மெமோ வந்தது. கல்லூரி வளாகத்தில் சொந்தக் குடும்ப அலுவல்களை நடத்தியதற்கு ஏழு நாளில் விளக்கம் கொடுக்க வேண்டும். துறைத்தலைவர் குழந்தைவேலு, கோபித்துக்கொள்ளத் தெரியாத மனிதர், அதைத் தானே கொண்டுவந்து கொடுத்துவிட்டு நின்றார்.

"நான் கையெழுத்துதானுங்க போட்டேன். எழுதினது ஆபீஸ்."

"அந்த நேரத்துல நான் வளாகத்துலயே இல்லீங்க சார்."

"அதையே எழுதிக் குடுத்துருங்க."

அதையே எழுதிக்கொடுத்தாள். விளக்கம் ஏற்கப்பட்டதாகவோ ஏற்கப்படவில்லை என்றோ ஒரு தகவலும் வரவில்லை. ஏப்ரல் மாதம் வழக்கம்போல ஆர்டர் முடிந்தது. ஜூன் மாதம் கோப்பை எடுத்துக்கொண்டு போனபோது, இடமாறுதலில் நிரந்தரப் பேராசிரியர் ஒருவர் அந்த இடத்துக்கு வந்துவிட்டார் என்று சொன்னார்கள்.

முதல்வர் திலகவதி அவளை உட்காரச் சொல்லி மின்விசிறியைத் தன் கையாலேயே கூட்டிவைத்தார்.

"உங்க மேல ஒரு குறையும் இல்ல தமயந்தி. இடம் இல்ல, அவ்வளவுதான்."

"சரிங்க மேடம்."

"ஒண்ணு கேக்கணும். புதுசா வந்தவரு பாதி நாள் தேர்வுப் பணி, பயிற்சின்னு வெளியூரு. நீங்க வீட்ல பேசினா இங்க கேக்குது. எப்படியும் குழந்தைகிட்டப் பேசத்தான போறீங்க? அதுல ஒரு மணி நேரம் பாடமாப் பேசினீங்கன்னா பிள்ளைங்களுக்கு உபயோகமா இருக்கும்."

"ஆர்டர் குடுப்பீங்களா மேடம்?"

"ஆள் வராம எப்படிங்க ஆர்டர் போடறது? கையெழுத்துப் போட ஒருத்தர் வேணும்ல?" முதல்வர் கொஞ்சம் குரலைத் தணித்துக்கொண்டார். "நானும் ரெண்டு பெத்தவதான். எங்கம்மாகிட்ட விட்டுட்டு வந்தேன். உங்கள மாதிரி என் குரலும் பிள்ளைங்களுக்குக் கேட்டிருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும்."

பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுத் தமயந்தி வந்துவிட்டாள். பாடம் நடத்தக் கூடாது என்றுதான் நினைத்திருந்தாள். ஆனால் நாலாம் நாள் மோனிஷா போன் செய்து, "மேம், கருவியல் ரெண்டாவது யூனிட் யாருமே எடுக்கல" என்றாள், அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் ஒன்பது மணிக்குத் தமயந்தி ஒன்றரை வயது ஆதிரையைத் தரையில் உட்காரவைத்து, முன்னால் ஒரு கிண்ணத்தில் பொரியைப் போட்டு, "கேட்டுக்க ஆதிரை" என்று ஆரம்பித்து, கரு எப்படி மூன்று அடுக்காகப் பிரிகிறது, எந்த அடுக்கிலிருந்து தோல் வருகிறது, எதிலிருந்து எலும்பு வருகிறது என்று நாற்பது நிமிடம் சொன்னாள். பதினொரு நாள் அப்படி நடந்தது. முகங்கள் தெரியாதது அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. யாருக்குப் புரியவில்லை என்று தெரியாமலே அடுத்த வரிக்குப் போக வேண்டியிருந்தது. நடுவில் குழந்தை எழுந்து நடந்தால் பின்னாலேயே போய்க்கொண்டு பேசினாள், அடுப்பில் பால் பொங்கினால் இறக்கிக்கொண்டே பேசினாள்.

பன்னிரண்டாம் நாள் காலையில் அலைபேசியில் ஒரு பட்டியல் வந்தது. திங்கட்கிழமை முதல் மணி எந்த வகுப்பு, செவ்வாய்க்கிழமை எந்த யூனிட் என்று வெள்ளிக்கிழமை வரை இருந்தது. கடைசியில் ஒரு குறிப்பு: பாடத்துக்கு நடுவே வீட்டு விஷயங்களைத் தவிர்க்கவும். தமயந்தி அதை இரண்டு முறை படித்தாள். வருகைப் பதிவேட்டில் தன் பெயர் எங்கேயும் இல்லை, கால அட்டவணையில் குரல் மட்டும் இருக்கிறது. அலைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். அன்றிலிருந்து அவள் பேசுவதை நிறுத்தினாள்.

குழந்தை காதில் விழும்படி ஒரு சொல்லும் சொல்லவில்லை. கிசுகிசுத்தாலும் அங்கே கேட்கும் என்பதால் கிசுகிசுக்கவும் இல்லை. பசியா என்பதற்கு வயிற்றைத் தொட்டுக் காட்டினாள், தூக்கமா என்பதற்குக் கன்னத்தில் கையை வைத்தாள், குழந்தை பேச்சுக்காக முகத்தைப் பார்த்தால் தன் உதட்டின் மேல் ஒரு விரலை வைத்துக் காட்டினாள், வெந்நீர்ப் பாத்திரத்தின் பக்கம் போனால் ஓடிப்போய்த் தூக்கினாள். தாலாட்டு இல்லாமல் தட்டித் தூங்கவைத்தாள். லைன் வீட்டுப் பெண்கள் தங்கள் தங்கள் வீட்டில் உட்கார்ந்து நூல் சுற்றினார்கள். பதினான்காம் அறையில் மாணவர்கள் ஒன்பது மணிக்கு வந்து உட்கார்ந்து, மின்விசிறிச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, பத்து மணிக்கு எழுந்துபோனார்கள். பத்தொன்பது நாள் இப்படிப் போனது.

"டீச்சர்" என்றாள் வேணியக்கா இருபதாவது நாள் காலையில். "ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்காதீங். புள்ள பேச்ச நிறுத்திருச்சுங். காக்கா, பூ, தண்ணின்னு அத்தன வார்த்த சொல்லிட்டு இருந்துச்சு. நாங்கூடப் பேசிப் பாத்துட்டேன். இப்பக் காக்காவக் காட்டினாக்கூட வெரல மட்டுந்தான் நீட்டுது."

தமயந்தி குழந்தையைப் பார்த்தாள். ஜன்னல் கம்பிக்கு வெளியே மின்கம்பியில் ஒரு காக்கை உட்கார்ந்திருந்தது. ஆதிரை அதைப் பார்த்தது, அம்மாவைப் பார்த்தது, பிறகு இத்தனை நாளாக அம்மா செய்ததைப் போலவே ஒரு விரலை எடுத்துத் தன் உதட்டின் மேல் வைத்துக்கொண்டது.

தமயந்தி அந்த விரலை மெதுவாக எடுத்துவிட்டாள். "காக்கா" என்றாள். "அது காக்கா, ஆதிரை. சொல்லு. காக்கா."

பதினான்காம் அறையில் நாற்பது பேர் அதைக் கேட்டார்கள். கடைசி பெஞ்சில் யாரோ ஒருத்தன் மெதுவாகத் திருப்பிச் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை.

அதன் பிறகு அவள் எல்லாவற்றையும் பேசினாள். தக்காளியைப் பற்றி, சட்டைப் பொத்தானைப் பற்றி, சத்தீஸ்கரில் இருக்கும் அப்பா எப்போது வருவார் என்பதைப் பற்றிப் பேசினாள், கோபம் வந்தபோது திட்டினாள், பிறகு திட்டியதற்கு அழுதாள், எல்லாம் அங்கே கேட்டது. பாடத்தில் ஒரு வரி சொல்லவில்லை. மாணவர்கள் ஒன்பது மணிக்கு வந்து உட்காருவதை விடவும் இல்லை. ஆதிரையின் பேச்சு இரண்டு வாரத்தில் திரும்பி வந்தது.

ஆவணி கடைசியில் பல்கலைக்கழக ஆய்வுக்குழு கல்லூரிக்கு வந்தது. மூன்று பேர். புதிய பேராசிரியர் அன்றைக்கும் வெளியூரில் இருந்தார். முதல்வர் அவர்களைப் பதினான்காம் அறைக்கு அழைத்து வந்தபோது மாணவர்கள் அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள், கரும்பலகைக்கு மேலே இருந்து ஒரு பெண்குரல், "இது உன் கை, இது என் கை, உன் கை சின்னது" என்று சொல்லிக்கொண்டிருந்தது.

"யாரு பேசறது?" என்றார் குழுத்தலைவர்.

மோனிஷா எழுந்து நின்றாள். "எங்க விலங்கியல் மேம்ங்க சார்."

"எங்க இருக்காங்க?"

"அவங்க வீட்லங்க சார்."

"பாடம் நடத்தற மாதிரி தெரியலியே."

"அவங்களுக்கு ஆர்டர் இல்லீங்க சார். அதனால நடத்த மாட்டாங்க."

குழுத்தலைவர் கையிலிருந்த படிவத்தைப் பார்த்தார். வகுப்பில் இருந்த ஆசிரியர் என்ற கட்டத்தில் பெயரும் பணியில் சேர்ந்த தேதியும் எழுத இடம் இருந்தது. குரலை அதில் எழுத முடியாது என்று அவர் முதல்வரிடம் சொன்னார், கட்டத்தைக் காலியாக விடவும் முடியாது என்றும் சொன்னார். மூன்று பேரும் அடுத்த அறைக்குப் போனார்கள்.

நாலாம் நாள் குழந்தைவேலு தன் மொபெட்டில் லைன் வீட்டுக்கு வந்தார். பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, ஆர்டர் இருந்த உறையை நீட்டினார். வாரத்துக்குப் பதினாறு மணி நேரம், ஏப்ரல் முடிய. தமயந்தி அதைப் படித்துவிட்டு மடித்து அவர் முன்னாலேயே வைத்தாள்.

"புள்ளயும் என்கூட வரும்ங்க சார். இதுல அப்படிப் போட்டுக் குடுங்க."

அவர் வெளியே போய் நின்று முதல்வருக்குப் போன் செய்தார். உள்ளே எல்லாம் கேட்டது.

"கூட்டிட்டு வரலாம்னு விதியில இல்லீங்க மேடம், வாஸ்தவம்தான். வரக் கூடாதுன்னும் இல்லீங்க. நேத்தே பாத்துட்டேன். ... ஆமாங்க, முழுசும். ... பிள்ளைங்க காத்துட்டு இருக்குதுங்க மேடம்."

திரும்பி வந்து, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, ஆர்டரில் தமயந்தியின் பெயருக்குப் பக்கத்தில் 'குழந்தையுடன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஏப்ரலுக்குப் பிறகு என்ன என்று தமயந்தி கேட்கவில்லை, அவருக்கும் தெரியாது.

திங்கட்கிழமை ஏழு ஐம்பது பஸ்ஸில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். பதினான்காம் அறையில் ஆதிரையை மேடையில் உட்காரவைத்துவிட்டு அவள் பேச ஆரம்பித்தபோது குரல் அவள் வாயிலிருந்து மட்டும் வந்தது, ஒரே ஒரு தடவை கேட்டது. குழந்தையும் அறையும் ஒரே இடத்தில் இருந்ததால் அது போவதற்கு வேறு இடம் இருக்கவில்லை. பழக்கத்தில் கரும்பலகைக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்த மாணவர்கள் கொஞ்ச நேரத்தில் அவளைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

லைன் வீட்டில் பெண்கள் ராட்டைகளோடு வந்து நாலாவது வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். ஒன்பது ஆனது, ஒன்பதரை ஆனது. தறிச் சத்தம் மட்டும் கேட்டது.

"புள்ள அங்க போயிருச்சில்ல" என்றாள் வேணியக்கா. "அப்பறம் இங்க எப்படிக் கேக்கும்?"

செவ்வாய்க்கிழமையும் உட்கார்ந்து பார்த்தார்கள். புதன்கிழமை யாரும் வரவில்லை. அவரவர் வீட்டில் சுற்றிய நூல் அன்று வழக்கத்தைவிட அதிகமாக இருந்தது, அதைப்பற்றி யாரும் சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை.

வியாழக்கிழமை காலை தமயந்தி வகுப்புக்குள் நுழைந்தபோது கடைசி இரண்டு பெஞ்சில் வேணியக்காவும் ருக்குமணியும் இன்னும் நான்கு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். மாரியம்மன் பண்டிகைக்குக் கட்டும் சேலை கட்டியிருந்தார்கள், ருக்குமணி கையில் கோடு போட்ட நோட்டு இருந்தது. குழந்தை தமயந்தியின் இடுப்பிலிருந்து நழுவி இறங்கி நேராக வேணியக்காவிடம் போய் மடியில் ஏறிக்கொண்டது. வராந்தாவில் போன குழந்தைவேலு கதவருகே நின்று எண்ணிப் பார்த்துவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார்.

தமயந்தி பதிவேட்டைத் திறந்து பெயர்களைக் கூப்பிட்டாள். நாற்பது பேரும் பதில் சொன்னார்கள். பதிவேட்டை மூடப் போனாள்.

"எங்களையும் கூப்புடுங் டீச்சர்" என்றாள் வேணியக்கா, உட்கார்ந்தபடியே.

தமயந்தி மோனிஷாவிடம் ஒரு பென்சில் வாங்கினாள். நாற்பதாவது பெயருக்குக் கீழே அச்சடித்த கோடுகள் முடிந்துபோயிருந்தன. வெறும் இடத்தில் நாற்பத்தொன்று என்று போட்டு, லைன் வீடுகளின் வரிசைப்படி ஆறு பெயர்களையும் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதினாள். பிறகு நிமிர்ந்தாள்.

"கமலவேணி."

வேணியக்கா குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு எழுந்து நின்றாள். "இருக்கறனுங்" என்றாள்.

ஆறு பேரும் சொல்லி முடித்த பிறகு, தமயந்தி சாக்பீஸை எடுத்துக்கொண்டு நண்டைப் பற்றி ஆரம்பித்தாள்.